ஓவியத்தில் முதுமை

பத்மநாபபுரம் அரண்மனை உப்பரிகைச் சுவர்களில் தெய்வ உருவங்கள் தீட்டப்பட்டுள்ளன. அவை என்றும் இளமையானவை; ஒரு திசை ஒளியால் விழும் நிழலை அங்கே காண முடியாது. அந்த நிழலின்றி முதுமையை வரைவது கடினம். ஏன்?

இருட்டறையில் தாத்தாவின் புறங்கைமீது டார்ச் ஒளியை நேராகப் பாய்ச்சுங்கள். பிறகு விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள். மங்கியிருந்த சுருக்கங்கள் வரிவரியாக எழும். சுருக்கம் என்பது சிறு பள்ளத்தில் தங்கும் நிழலே.

1949 வரை இப்பகுதி திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. அதன் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு 1868இல் தியடோர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் வந்தார். இளைஞர் ரவிவர்மாவுக்கு அவர் கற்பிக்கவில்லை. தாம் வரைவதைப் பார்க்க மட்டும் இசைந்தார். எண்ணெய் வண்ணம் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிந்து, நாட்கணக்கில் உலர்வது. அதற்குள் ஒளியையும் நிழலையும் பதமாகக் குழைத்துவிடலாம்.

ரவிவர்மா 1901இல் வரைந்த 'கஞ்சன்' படம் சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளது. அம்முதியவரின் சுருக்கங்கள் வயதைக் கூறும், கருமித்தனத்தைக் கூறா. வெயிலில் உழைத்த வள்ளலின் முகத்திலும் அதே சுருக்கங்கள் இருக்கும். குணத்தை நமக்கு உணர்த்துபவை ஓவியர் அமைத்த பார்வையும் தோரணையும், படத்தின் பெயருமே. முகம் பார்த்துக் குணம் சொல்லுமுன் இதனை நினைவிற் கொள்வோம்.