எந்த மாதத்தில் நடந்து வந்தார்கள்?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

இந்த வருடக் கல்விச் சுற்றுலாவுக்கு மன்னார் போவதென்று எங்கள் பாடசாலையில் முடிவாகியிருக்கிறது. ஓகஸ்டிலா டிசம்பரிலா என்பதில்தான் இழுபறி. சரி, பிள்ளைகளிடமே கேட்போம் என்று வகுப்பில் அதைப் பாடமாக எடுத்தேன்.

இலங்கை சின்ன நாடுதான். ஆனாலும் முழு நாட்டுக்கும் பொருந்துகிற ஒரு ‘நல்ல காலம்’ இங்கே கிடையாது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. இரத்தினபுரியிலும் காலியிலும் மழை கொட்டும். அதே காற்று மலையைத் தாண்டும்போது ஈரத்தை இழந்து, வடக்கிலும் கிழக்கிலும் வரண்ட கச்சானாக வீசும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவக்காற்று. அப்போது திருகோணமலையும் மட்டக்களப்பும் நனையும். சிவனொளிபாதமலை யாத்திரை டிசம்பர்ப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக்கோடு முடிவதற்கும் இந்தக் காற்றுகள்தான் காரணம். நமது மாத்தளை மாவட்டம் இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது. தெற்கே மலையும் ஈரமும். வடக்கே தம்புள்ளையைத் தொட்டால் உலர் வலயம்.

இவ்வளவும் சொல்லி முடித்ததும், தோட்டத்திலிருந்து வரும் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “சேர், அப்ப எங்கட ஆக்கள் மன்னார்ல இருந்து எந்த மாசத்துல நடந்து வந்தாங்க?”

ஆசிரியர் கலாசாலையில் வரலாறு படித்தேன். இத்தனை வருடம் படிப்பித்தும் வருகிறேன். இந்தக் கேள்வியை நான் ஒருநாளும் கேட்டுப் பார்த்ததில்லை. அன்றிரவு புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன்.

முதலில் நினைவுக்கு வந்தவர் ரொபர்ட் நொக்ஸ். 1660இல் பிடிபட்டு, இரண்டாம் இராஜசிங்கன் காலத்துக் கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய இருபது வருடம் கைதியாக இருந்த ஆங்கிலேயர். சிறு வியாபாரம் செய்கிற சாட்டில் வடக்கே திரும்பத் திரும்பப் போய்ப் பாதையைப் படித்துக்கொண்டார். ஆனாலும் உடனே தப்பி ஓடவில்லை. வடக்கில் சில வருடங்கள் தொடர்ந்து வரட்சி, குளங்களில் குடிக்கத் தண்ணீர் இல்லை. ஆகவே காத்திருந்தார். 1679 செப்டெம்பர் 22ஆம் திகதி ஒரு தோழரோடு புறப்பட்டார். அனுராதபுரத்தைக் கடந்து, மல்வத்து ஓயாக் கரை வழியே காட்டுக்குள் நடந்து, ஒக்டோபர் 18ஆம் திகதி அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்.

ஏறக்குறைய நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகு, அதே மன்னார்க் கரையில் இறங்கி எதிர்த் திசையில் நடக்கத் தொடங்கியவர்கள்தான் தமிழகத்திலிருந்து வந்த கோப்பித் தோட்டத் தொழிலாளர்கள். மதவாச்சி, மிகிந்தலை, திறப்பனை, கெக்கிராவ, தம்புள்ளை, நாலந்தை, பிறகு மாத்தளை. சுமார் 250 கிலோமீற்றர்.

அவர்கள் எப்போது நடந்தார்கள்? பதில் கோப்பிச் செடியில் இருக்கிறது. கோப்பிக்கு வருடம் முழுவதும் ஒரே அளவு ஆள் தேவையில்லை. பழம் பறிக்கும் காலத்தில்தான் ஆயிரக்கணக்கில் தேவை. அது வருடத்தின் கடைசி மாதங்கள். பழம் பழுக்கும்போது மலையில் நிற்க வேண்டுமானால் கச்சான் காலத்தில் உலர் வலயத்தைக் கடக்க வேண்டும். குளங்கள் வற்றி, அடியில் கலங்கல் மட்டும் கிடக்கிற காலம் அது. அதைத்தான் குடித்தார்கள். கொலரா வந்தது. வேலை முடிந்து டிசம்பர், ஜனவரியில் ஊர் திரும்பினால் வடகீழ் மழை, பெருகிய ஆறு, மலேரியாக் காய்ச்சல். போகும்போதும் வரும்போதும் கெட்ட காலமே வாய்த்தது.

1841 முதல் 1848 வரை வந்தவர்களில் 70,000 பேர் இறந்திருக்கலாம் என்று 1849இல் ‘கொழும்பு ஒப்சேவர்’ பத்திரிகை மதிப்பிட்டது. அந்தக் கணக்கு மிகை என்று பிற்கால ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். பாதியாகக் குறைத்தாலும் அது சிறிய தொகையா? வழியில் கொட்டகைகளும் கிணறுகளும் வைத்தியசாலைகளும் பிறகுதான் வந்தன.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். நொக்ஸ் ஒரு கைதி. அவரால்கூட மழைக்குக் காத்திருக்க முடிந்தது. இவர்கள் யாருடைய கைதியும் இல்லை என்று சட்டம் சொன்னது. ஆனால் கங்காணியிடம் முற்பணம் வாங்கியவருக்கு மாதத்தைத் தெரிவு செய்யும் உரிமை இல்லை. 1876–78 பஞ்சத்தில் தப்பி வந்தவர்களுக்கு அந்தப் பேச்சே இல்லை. பசிக்குப் பருவம் தெரியாது.

1869இல் கோப்பியில் இலை நோய் கண்டது. பிறகு தேயிலை வந்தது. தேயிலைக் கொழுந்து வருடம் முழுவதும் துளிர்க்கும். ஆகவே பருவத்துக்கு வந்து போனவர்கள் குடும்பமாகத் தங்கிவிட்டார்கள். 1880இல் மாத்தளைக்கு ரயில் வந்தது. ஆனால் மன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைதான். 1899இல் அந்தப் பாதை மூடப்பட்டு, தூத்துக்குடி வழியாகக் கப்பலில் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டார்கள்.

இருநூறாவது வருட நினைவாக 2023இல் ‘மாண்புமிகு மலையக மக்கள்’ நடைபயணம் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கி, ஓகஸ்ட் 12இல் நமது மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். அதுவும் கச்சான் காலம்தான். தார் வீதியில், போத்தல் தண்ணீரோடு நடந்தவர்களே களைத்துப் போனார்கள்.

மாணவியிடம் மறுநாள் சொன்னேன்: “மகள், பெரும்பாலும் தண்ணி இல்லாத மாசத்திலதான் வந்திருப்பாங்க. அவங்களுக்குப் பிடிச்ச மாசத்தில இல்ல, கோப்பி பழுக்கிற மாசத்துக்கு ஏத்த மாதிரி.” அவள் ஒன்றும் சொல்லவில்லை. கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

சுற்றுலாவை ஓகஸ்டில் வைக்குமாறு அதிபரிடம் கேட்டிருக்கிறேன். மதவாச்சிக்கும் மன்னாருக்கும் இடையில் ஓரிடத்தில் பஸ்ஸை நிறுத்தி, எல்லாப் பிள்ளைகளும், முஸ்லிம், தமிழ் என்றில்லாமல், அரை மணித்தியாலம் நடக்க வேண்டும். குடிக்கத் தண்ணீரும் குடையும் நாங்கள் கொண்டு போவோம், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் வீட்டில் இந்தப் பாதையைப் பற்றி வயதானவர்கள் சொன்ன கதை ஏதும் இருந்தால் எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு வையுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.