செயற்கை மார்பகப் பையின் கதை

உடலுக்குள் அயற்பொருள் ஒன்று புகுந்தால் என்ன நிகழும்? முள் தைத்த இடத்தில் சீழ் பிடிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெளியே தள்ள முடியாத பொருளைச் சுற்றி உடல் நார்த்திசுவால் ஒரு சுவர் எழுப்பிவிடும். இந்தச் சுவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடக்க முயற்சிகள்

1895-இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் வின்சென்ஸ் செர்னி என்ற அறுவை மருத்துவர், மார்பகக் கட்டி அகற்றப்பட்ட ஒரு பெண்ணுக்கு, அவர் உடலில் வேறிடத்தில் இருந்த கொழுப்புக் கட்டியையே எடுத்து அங்கே பொருத்தினார். பின்வந்தோர் எளிய வழி தேடி, உருக்கிய பாரபின் மெழுகை ஊசியால் செலுத்தினர். மெழுகு இடம் பெயர்ந்தது; கட்டிகளும் புண்களும் தோன்றின. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் திரவச் சிலிக்கோனைச் செலுத்தியபோதும் இதே துன்பம்தான்.

பையும் கூழும்

சிலிக்கோன் என்பது சிலிக்கன் அணுக்களும் ஆக்சிஜன் அணுக்களும் மாறி மாறிக் கோத்த சங்கிலி. சங்கிலி குட்டையானால் எண்ணெய்; சங்கிலிகளைச் சற்றே பிணைத்தால் கூழ்; நன்கு பிணைத்தால் ரப்பர். 1962-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் தாமஸ் குரோனின், பிராங்க் ஜெரோ என்னும் மருத்துவர்கள், சிலிக்கோன் ரப்பர் பைக்குள் சிலிக்கோன் கூழை அடைத்து ஒரு பெண்ணின் மார்பில் வைத்தனர். சில ஆண்டுகளில் உப்புநீர்ப் பையும் வந்தது.

மார்பகத்தின் கீழ்மடிப்பிலோ அக்குளிலோ முலைக்காம்பின் கருவட்ட ஓரத்திலோ கீறி, பால்சுரப்பிக்குப் பின்னாலோ மார்புத் தசைக்குப் பின்னாலோ பையை வைப்பார்கள். உப்புநீர்ப் பை கிழிந்தால் நீரை உடல் உறிஞ்சிவிடும். மார்பகம் சுருங்குவது உடனே தெரியும். கூழ்ப்பை கிழிந்தால் வெளியே தெரியாமலே போகலாம். காந்த அதிர்வுப் படமோ மீயொலிச் சோதனையோதான் காட்டும்.

சுவர் சுருங்கினால்?

சிலருக்கு அந்த நார்ச்சுவர் நாளடைவில் இறுகுகிறது. கூழின் பருமன் மாறாது. சூழ்ந்த பரப்போ குறைகிறது. குறித்த பருமனுக்கு மிகக் குறைந்த பரப்புள்ள வடிவம் எது? கோளம். நீர்த்துளி உருண்டையாவதும் இதனால்தான். மார்பகம் பந்துபோல் உருண்டு, கடினமாகி, வலிக்கிறது.

தாமதமான சோதனை

அமெரிக்காவில் மருத்துவக் கருவிகளுக்கான சட்டம் 1976-இல்தான் வந்தது. முன்பே விற்பனையில் இருந்த இப்பைகள் தொடர்ந்து விற்கப்பட்டன. பாதுகாப்புச் சான்று போதாதென்று 1992-இல் கூழ்ப்பைகளுக்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. அதற்குள் 30 ஆண்டுகள்! இவற்றால் மூட்டுவாதம் முதலிய பொதுநோய்கள் வருவதற்குச் சான்றில்லை என்றும், கிழிதலும் இறுகுதலும் உண்மையான தொல்லைகள் என்றும் 1999-இல் ஓர் அறிஞர் குழு கூறியது. 2006-இல் கூழ்ப்பைக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது.

2010-இல் பிரான்சில் வேறொரு அதிர்ச்சி. பி.ஐ.பி. என்ற நிறுவனம் மருத்துவத் தரமற்ற தொழிற்சாலைச் சிலிக்கோனை அடைத்து விற்றது அம்பலமானது. நிறுவனருக்கு 2013-இல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

சுவர் இறுகாதிருக்கவென்று மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிய பைகளும் வந்தன. அவற்றைச் சூழ்ந்த அதே சுவரில் அரிதாக ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் தோன்றுவது பின்னர் தெரிந்தது. 2019-இல் அல்லெர்கன் நிறுவனம் அவ்வகைப் பைகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது.

புற்றுநோயால் மார்பகத்தை இழந்த பெண்ணுக்கு இந்தப் பை பெரும் ஆறுதல் தரலாம். விரும்பி அளவைக் கூட்டிக்கொள்வோரும் உண்டு. யாராயினும் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: எந்தப் பையும் ஆயுள் முழுதுக்குமானதன்று, மீண்டும் ஓர் அறுவை தேவைப்படலாம். இதைக் கத்தி எடுக்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. முதல் தலைமுறைப் பெண்களுக்கு இந்த விடையைச் சொல்ல அன்று யாராலும் முடியவில்லை. தங்கள் உடலால் அவர்களே அதை நமக்குக் கண்டு தந்தார்கள்.