சொந்த மண்ணும் ரசிகர் ஆரவாரமும்: ஐ.எஸ்.எல். கால்பந்தை முன்வைத்து ஓர் ஆய்வு

2015 டிசம்பர் பெருமழையில், இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் தாம்பரம், முடிச்சூர் பகுதிகள் வெள்ளத்தில் தத்தளித்தன. இதனால், சென்னை நேரு விளையாட்டரங்கில் நடக்கவேண்டிய இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) அரையிறுதியின் முதல் ஆட்டம் புனேவுக்கு மாற்றப்பட்டது. சொந்த ரசிகர்கள் இல்லாத அந்த மைதானத்தில், நடப்புச் சாம்பியனான அட்லெட்டிகோ டி கொல்கத்தாவைச் சென்னையின் எப்.சி. 3-0 என வீழ்த்தியது. கொல்கத்தாவில் நடந்த அடுத்த ஆட்டத்தில் 1-2 எனத் தோற்றும், மொத்தக் கோல் கணக்கில் முந்தி இறுதிக்குச் சென்றது.

இறுதிப்போட்டி டிசம்பர் 20 அன்று கோவாவின் பதோர்தாவில் நடந்தது, எதிரணியும் எப்.சி. கோவாதான். 87ஆம் நிமிடத்தில் கோவா 2-1 என முந்தியது. அரங்கமே கோப்பை தனதென்று ஆர்ப்பரித்த வேளையில், கோல்காப்பாளர் கட்டிமணியின் சேம் சைடு கோலால் ஆட்டம் சமமானது. அடுத்து மெண்டோசா அடித்த கோலில் சென்னை வென்றது. 2018இல் பெங்களூரு கண்டீரவா அரங்கில், பெங்களூரு எப்.சி.யை அதே 3-2 கணக்கில் வென்று இரண்டாம் கோப்பையையும் எடுத்தது. சென்னையின் இரு பட்டங்களும் எதிரணியின் மண்ணில் கிடைத்தவை.

இதைச் சென்னையின் தனிச்சிறப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. 2016இல் கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸ் பெனால்டி முறையில் தோற்றது. 2024இல் தன் சொந்த சால்ட் லேக் அரங்கில் மோகன் பகான் மும்பையிடம் வீழ்ந்தது. 2025 வரை, தன் ஊரிலேயே இறுதிப்போட்டி ஆடும் வாய்ப்பு ஐந்து முறை அமைந்தது; வென்றது 2025இல் மோகன் பகான் மட்டுமே. ஐந்து ஆட்டங்களை வைத்துச் சட்டம் வகுக்க முடியாதுதான். ஆயினும் 'பன்னிரண்டாவது ஆட்டக்காரர்' என்று ரசிகர்களைப் புகழ்வோர் இக்கணக்கைப் பார்க்கவேண்டும்.

நீண்ட லீக் பருவங்களில் சொந்த மண்ணின் பலன் உண்மையானது; கூட்டம் இல்லாதபோது அது மறைந்ததே அதற்குச் சான்று. இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் பெரும்பாலும் காலி அரங்குகளில் நடந்த 2020-21 பருவத்தில் உள்ளூர் அணிகள் 144 ஆட்டங்களையும் வெளியூர் அணிகள் 153 ஆட்டங்களையும் வென்றன. அப்படியானால் கூட்டத்தின் பலம் எவ்வழியாக வேலை செய்கிறது? அது வீரர்களுக்கு வலுவேற்றுகிறது என்ற பொதுநம்பிக்கை இங்குதான் தவறுகிறது என்பது என் கருத்து. 2002இல் வெளியான நெவில் குழுவினரின் ஆய்வில், 40 நடுவர்கள் ஒரே ஆட்டக் காட்சிகளைப் பார்த்தனர். கூட்டத்தின் இரைச்சலோடு பார்த்தவர்கள் உள்ளூர் அணிமீது குறைவான ஃபவுல்களே அறிவித்தனர். ஸ்பெயின் லீக்கை ஆராய்ந்த கரிகானோ குழு (2005), உள்ளூர் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தால் நடுவர்கள் கூடுதல் நிமிடங்களைத் தாராளமாகவும், முந்தியிருந்தால் சிக்கனமாகவும் தந்ததைக் கண்டது. 2007இல் இத்தாலியில் ரசிகர்கள் இல்லாமல் நடந்த ஆட்டங்களிலும் மாறியது வீரர்களின் ஆட்டமல்ல, நடுவர்களின் தண்டனைப் போக்கே.

கூச்சலே இல்லாத சதுரங்கத்தில் சொந்த மண் தந்தது வேறு வகைப் பலன். 2022இல் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் ஒலிம்பியாட் நடந்தபோது, போட்டியை நடத்தும் நாடு என்பதால் இந்தியா கூடுதல் அணிகளைக் களமிறக்கியது. பொதுப்பிரிவு வெண்கலத்தை வென்றதும் இரண்டாம் அணிதான். இரு பிரிவிலும் தங்கம் கிடைத்ததோ 2024இல், புடாபெஸ்டில்.

ஆக, ரசிகர் ஆரவாரம் வீரரின் காலுக்கு வலுவேற்றுகிறது என்பது மிகைக்கூற்று. நடுவரின் விசிலை அது அசைக்கிறது என்பதே சான்றுகள் காட்டும் உண்மை. 2024-25 பருவம் வரை ஐ.எஸ்.எல்.லில் காணொளி நடுவர் முறை இல்லை. செங்கல்பட்டிலிருந்து மின்ரயில் ஏறி ஆட்டம் பார்க்கச் செல்லும் ரசிகர் முதலில் கேட்கவேண்டியது அதைத்தான்.