குதிரையின் முழங்காலும் வீதியின் மதிப்பும்

வீதிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றை அமைத்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அமைத்த வீதி பழுதுற்றபின் அதன் நிலையை எவர் மதிப்பிட்டனர், எந்த அளவுகோலைக் கொண்டு மதிப்பிட்டனர், திருத்துவதா மாற்றுவதா என்பதை எவ்வாறு முடிவு செய்தனர் என்னும் வினாக்கள் வரலாற்றாசிரியரின் கவனத்தை அதிகம் ஈர்த்ததில்லை. ஆயினும் ஒரு நகரம் யாருடைய துன்பத்தைத் துன்பமாகக் கணக்கிட்டது என்பதை இவ்வினாக்களே வெளிப்படுத்துகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலண்டன் மாநகரம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

1816இல் பிரிஸ்டல் பகுதி வீதிகளின் பொறுப்பை ஏற்ற ஜோன் லவுடன் மக்கடம், வண்டியின் பாரத்தை உண்மையில் தாங்குவது அடிநிலமே என்றும், அந்நிலம் ஈரமின்றி இருத்தல் போதுமென்றும் வாதிட்டார். ஆறு அவுன்சுக்கு மேற்படாத உடைகற்களை இறுகப் பரப்புவதே அவரது முறை. பெருங்கற்களாலான அத்திவாரம் வேண்டுமென்ற தோமஸ் டெல்போர்டின் கொள்கைக்கு இது மாறானது. நாட்டுப்புற வீதிகளில் இம்முறை பெருவெற்றி ஈட்டியது. ஆனால் 1820களில் இலண்டனின் சில வீதிகளில் இது புகுத்தப்பட்டபோது வேறு கதையாயிற்று. இரும்புப் பட்டை பூண்ட சக்கரங்கள் உடைகல்லை இடைவிடாது அரைத்தன. மாரியிற் சேறும் கோடையிற் புழுதியும் மிகுந்தன. எனவே போக்குவரத்து மிக்க வீதிகளில் கருங்கற் பாளங்களே நிலைத்தன. அவை நெடுங்காலம் உழைப்பவை; ஆனால் அவற்றின் ஓசை பொறுத்தற்கரியது. நோயாளர் கிடந்த வீடுகளின் முன்னே வீதியில் வைக்கோல் பரப்பும் வழக்கம் அக்காலத்து மக்களிடையே இருந்தது. வீதியின் குறைபாட்டை அளந்த முதற் கருவி நோயாளரின் செவியே எனலாம்.

1839ஆம் ஆண்டளவில் ஒக்ஸ்போர்ட் வீதியின் ஒரு பகுதியில் கருங்கல், மரக்கட்டை, நிலக்கீல் எனப் பலவகைத் தளங்கள் அடுத்தடுத்து இடப்பட்டுப் பரீட்சிக்கப்பட்டன. ஒரே போக்குவரத்தின்கீழ் பல தளங்களை ஒப்பிடுதல் என்ற எண்ணம் சிறந்ததே. ஆனால் முடிவுகள் கண்ணால் கண்டு கூறப்பட்டவை. தத்தம் பொருளை விற்க முனைந்தோரின் ஆரவாரமும் அவற்றோடு கலந்திருந்தது.

எண்ணிக்கையை இத்துறைக்குக் கொணர்ந்தவருள் முதன்மையானவர் வில்லியம் ஹேவுட். இவர் இலண்டன் மாநகரக் கழிவுநீர் ஆணையாளரின் பொறியியலாளர். ஹொல்போர்ன் மேம்பாலத்தை அமைத்தவரும் இவரே. 1869இல் திரெட்னீடில் வீதியிலும், 1870இல் சீப்சைட்டிலும் சுவிற்சர்லாந்தின் வால் டி திரவேர்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து பெறப்பட்ட நிலக்கீற் பாறையைப் பொடியாக்கி, சூடேற்றி, இடித்திறுக்கித் தளமிட்டனர். ஓசை பெரிதும் அடங்கியது. கழுவித் துப்புரவாக்குதலும் எளிதாயிற்று. ஆனால் குதிரைகள் வழுக்கி வீழ்கின்றன என வண்டியோட்டிகள் முறையிட்டனர். மரக்கட்டைத் தளமிடுவோரும் அம்முறையீட்டைத் தமக்குச் சாதகமாக்கிக்கொண்டனர்.

இப்பூசலைத் தீர்க்க ஹேவுட் மேற்கொண்ட வழி எளியது. 1873இல் வீதிகளில் ஆட்களை நிறுத்தி, கடந்த குதிரைகளையும் வீழ்ந்த குதிரைகளையும் எண்ணச் செய்தார். ஒரு குதிரை ஒருமுறை வீழ்வதற்குமுன் சராசரியாகக் கருங்கல்லில் 132 மைல், நிலக்கீலில் 191 மைல், மரத்தில் 446 மைல் செல்லும் என்பது அவர் கண்ட முடிவு. வீழ்ந்த விதமும் பதிவாயிற்று: முழங்காலிற் சரிதல், பின்புறம் அமர்தல், முற்றாக வீழ்தல். மரத்தில் நேர்ந்தவற்றுட் பெரும்பாலானவை முழங்காலிற் சரிதலே. குதிரை விரைவில் எழுந்து நடக்கும். வானிலையும் கணக்கிலெடுக்கப்பட்டது. கருங்கல் உலர்ந்திருக்கையில் மிக வழுக்குவது. நிலக்கீலோ சிறிதே ஈரங்கசிந்த வேளையில் மிக வழுக்குவது. தூறலுக்கும் பெருமழைக்கும் இடையிலுள்ள இவ்வேறுபாட்டை எண்ணால் நிறுவியது அக்காலத்துக்குப் பெருஞ்சாதனையே.

எண்கள் மரத்துக்குச் சார்பாக இருந்தும், மாநகர வீதிகள் பலவற்றில் நிலக்கீலே பரவியமை சிந்தனைக்குரியது. மரம் குதிரையின் சிறுநீரை உறிஞ்சி நாறியது, தேய்ந்தது, உளுத்தது. ஓசையடக்கத்தைப் பெரிதும் விரும்பிய மேற்கு இலண்டன் வசதியாளர் மரத்தை ஏற்றனர். வணிகரும் வங்கியாளரும் நிறைந்த மாநகரமோ துப்புரவையும் விரைவான திருத்தத்தையும் நாடியது. குதிரையின் முழங்கால் அளக்கப்பட்டது உண்மை. ஆனால் தீர்ப்பை அது மட்டும் வழங்கவில்லை. இங்கு அளவீடு வேறு, மதிப்பீடு வேறு. வீதியைக் கூட்டிப் பிழைத்த ஏழைச் சிறுவரின் வருவாய் எந்த அறிக்கையிலும் ஒரு நிரலாக இடம்பெறாதது வியப்புக்குரியதன்று.

இரப்பர்ச் சக்கரம் வந்தபின் குதிரை கணக்கிலிருந்து நீங்கியது. 1958 முதல் 1960 வரை ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில், ஒட்டாவா நகருக்கு அருகே நடைபெற்ற பெரும் வீதிப் பரிசோதனையில், பாரமேற்றிய லொறிகளை இராணுவத்தினர் இரவுபகலாக ஓட்டினர். அச்சுப் பாரம் இருமடங்காயின் சேதம் ஏறத்தாழப் பதினாறு மடங்காகும் என்ற விதி அதன் வாயிலாகவே புகழ்பெற்றது. அதனினும் சுவையானது பிறிதொன்று. வீதியின் தரத்தை வரையறுக்க முனைந்த பொறியியலாளர் முதலில் மனிதரையே நாடினர். குழுவொன்று வெவ்வேறு வீதிகளிற் பயணஞ்செய்து பூச்சியம் முதல் ஐந்து வரை புள்ளியிட்டது. பின்னர் மேடுபள்ளம், வெடிப்பு, ஒட்டுவேலை ஆகியவற்றின் அளவீடுகளைக் கொண்டு அப்புள்ளிகளைக் கணித்துக்கூறும் சமன்பாடு ஆக்கப்பட்டது. புள்ளி 2.5 அளவுக்கு இறங்கினால் முதன்மை வீதிக்கு மீளமைப்பு வேண்டும் எனக் கொள்ளப்பட்டது. அக்குழுவினர் வாகனத்தில் அமர்ந்து புள்ளியிட்டனர். நடந்து செல்வோரின் கருத்து கேட்கப்படவில்லை.

ஒரே மண்ணிலும் ஒரே காலநிலையிலும் பெறப்பட்ட இவ்விதிகள் நகர வீதிக்கு அப்படியே பொருந்துவன அல்ல. 1950களின் முற்பகுதியில் பெங்கெல்மன் என்பார் அமைத்த நெம்புகோற் கருவி, பாரமேற்றிய சக்கரத்தின்கீழ் வீதி எவ்வளவு அமிழ்ந்து மீள்கின்றது என்பதை அளந்தது. அதனைக் கொண்டு மேலிட வேண்டிய புதுப்படையின் தடிப்பைக் கணிக்க முடிந்தது. ஆனால் நகரத்தில் படைமேற் படையிட்டால் வீதி உயர்ந்து விளிம்புக்கல் தாழும். மழைநீர் வடிகாலை விட்டு வாசற்படியை நாடும். ஆகவே பழைய மேற்படையைச் சுரண்டி நீக்கியபின்னரே புதியதை இடவேண்டியதாகின்றது. குழாய்களுக்காக அகழ்ந்து மூடிய கீற்றுக்களோ அருகிலுள்ள தளத்தைவிட முன்னதாகவே அமிழ்கின்றன. செப்பனிட்ட தளத்தை எரிவாயுக் கம்பனியும் நீர்க் கம்பனியும் மாறிமாறித் தோண்டுவது பற்றிய முறைப்பாடு ஹேவுட்டின் காலத்து இலண்டனிலேயே பழையதாகிவிட்டிருந்தது.