ஓடாத நாளுக்குக் கூலி

கி.பி. 1665, ஜூன் 17-ஆம் நாள். ஆங்கிலேயக் கடற்படை அலுவலகத்தில் உயர்பதவி வகித்த சாமுவேல் பீப்ஸ் என்பார், இலண்டன் மாநகரின் ஹோபர்ன் வீதி வழியே வாடகைக் குதிரை வண்டியொன்றில் சென்றுகொண்டிருந்தார். வண்டியின் வேகம் மெல்ல மெல்லக் குறைந்தது. பின்னர் நின்றே விட்டது. கீழே இறங்கிய வண்டிக்காரருக்கு நிற்கவும் வலுவில்லை. திடீரென்று உடல் நலம் கெட்டுவிட்டதென்றும், கண் தெரியவில்லை என்றும் கூறினார். நகரில் பிளேக் நோய் பரவிக்கொண்டிருந்த காலம் அது. பீப்ஸ் இறங்கி வேறொரு வண்டி பிடித்துப் போய்விட்டார். அந்த ஏழைக்காக வருந்தியதையும், அவரைப் பற்றியது பிளேக்காக இருக்குமோ என்று தமக்காகக் கலங்கியதையும் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

வண்டிக்காரரின் பெயர் அக்குறிப்பில் இல்லை. மறுநாள் அவருடைய குதிரைக்குத் தீனி வைத்தவர் யார், வீட்டில் அடுப்பு மூட்டியவர் யார் என்பதும் இல்லை. கொள்ளைநோயின் வரலாற்றை எழுதுவோர் மன்னர்களை மறப்பதில்லை, மருத்துவர்களையும் மறப்பதில்லை. நோயாளியை மருத்துவமனை வாசலில் கொண்டு சேர்த்தவரைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

2020-ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்று உலகைச் சூழ்ந்தபோது, பெருநகரங்களின் டாக்சி ஓட்டுநர்கள் விடிந்ததும் தம்மைத் தாமே கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுண்டு: இன்று வண்டி எடுப்பதா, வேண்டாமா? எடுத்தால் நோய், எடுக்காவிட்டால் பசி. இது புதிய கேள்வி போலத் தோன்றும். ஆனால், இதன் வயது முந்நூறு ஆண்டுகளுக்கு மேல்.

ஐந்தாறு நாள் ஆணை

இலண்டனில் வாடகை வண்டிகளை முறைப்படுத்தும் சட்டம் 1662-இல் வந்தது. நானூறு வண்டிகளுக்கு மட்டுமே உரிமம். உரிமம் பெற்றவர் ஆண்டுக்கு ஐந்து பவுன் கட்ட வேண்டும். மூன்றே ஆண்டுகளில் பிளேக் வந்தது. அப்போது நகரத் தலைவர் பிறப்பித்த ஆணைகளுள் ஒன்று இவ்வண்டிக்காரர்களைப் பற்றியது. நோயுற்றவர்களைக் கொள்ளைநோய் மனைக்கு ஏற்றிச் சென்ற வண்டிகள், திரும்பிய உடனேயே பொதுமக்களை ஏற்றுவதாக அதிகாரிகள் கண்டனர். ஆகவே, அத்தகைய வண்டியை நன்கு காற்றாட விட வேண்டும், ஐந்தாறு நாட்கள் வேலையின்றி நிறுத்தி வைக்க வேண்டும், அதன் பிறகே பொதுப் பயன்பாட்டிற்கு விட வேண்டும் என்று ஆணையிட்டனர்.

நோய்க்கிருமி என்ற ஒன்றையே அறியாத காலத்தில் பிறந்த ஆணை இது. ஆயினும் காற்றோட்டத்தின் அருமையை அது உணர்ந்திருந்தது. நோயாளியை ஏற்றிய வண்டிக்கும் அடுத்த பயணிக்கும் இடையே நாட்கள் கழிய வேண்டும் என்பதையும் உணர்ந்திருந்தது. அது தொடாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். அந்த ஐந்தாறு நாட்களின் கூலியைத் தருபவர் யார்? குதிரை நின்றாலும் தின்னும், பிள்ளைகளும் அப்படியே. நோயாளியை ஏற்றியதை மறைத்தவர்க்கு வருமானம், உண்மையைச் சொன்னவர்க்குப் பட்டினி என்ற நிலையை ஆணையே உண்டாக்கிவிட்டது. மறைத்த வண்டிக்காரரைப் பழிப்பது எளிது. மறைக்க வேண்டிய தேவையை அகற்றுவதற்கு எவரும் முன்வரவில்லை.

சட்டம் கண்ட நியாயம்

இருநூற்றுப் பத்து ஆண்டுகள் கழிந்தன. 1875-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பொதுச் சுகாதாரச் சட்டம் ஒன்றை இயற்றியது. அதன் 127-ஆம் பிரிவு வாடகை வண்டிகளைப் பற்றியது. தொற்றுநோயாளி எனத் தெரிந்து ஒருவரை ஏற்றிய வண்டிக்காரர், உடனே வண்டியை நோய்நீக்கம் செய்தாக வேண்டும். தவறினால் ஐந்து பவுன் வரை தண்டம். இதுவரை பழைய ஆணையின் குரலே. ஆனால், அதே பிரிவு மேலும் ஒரு சொல் சொன்னது. நோய்நீக்கத்தால் ஏற்படும் செலவையும் இழப்பையும் ஈடுகட்டும் தொகை முதலில் கைக்கு வந்தாலன்றி, அத்தகைய நோயாளியை ஏற்றுமாறு எந்த வண்டிக்காரரையும் வற்புறுத்த முடியாது!

சின்னஞ்சிறு வாசகம்தான். எனினும், பிறர் நலனுக்காக ஒருவன் தன் வண்டியை நிறுத்துவானாயின், அந்த இழப்பை அவன் ஒருவன் தலையில் மட்டும் சுமத்தலாகாது என்ற நியாயம் அதில் அடங்கியிருக்கிறது. 2020-இல் உலகம் மறந்துபோன வாசகமும் அதுவே.

முதலில் தாக்குண்டவர்கள்

கொரோனாவின் தொடக்க நாட்களைப் புரட்டினால் டாக்சி ஓட்டுநர் அடிக்கடி தென்படுகிறார். 2020 ஜனவரி 31-இல் தாய்லாந்து, உள்நாட்டிலேயே ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவிய முதல் தொற்றை அறிவித்தது. நோய் கண்டவர் ஒரு டாக்சி ஓட்டுநர். பிப்ரவரி 13-இல் ஜப்பானின் முதல் கொரோனா மரணம் அறிவிக்கப்பட்டது. இறந்த மூதாட்டியின் மருமகன் தோக்கியோவில் டாக்சி ஓட்டுபவர், அவருக்கும் தொற்று உறுதியாயிற்று. அதே மாத நடுவில் தைவானில் முதலாவதாக உயிரிழந்தவரும் வாடகைக் கார் ஓட்டியவரே.

காரணம் வெளிப்படையானது. கார் என்பது நான்கடி அகலமுள்ள ஓர் அறை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குளிர்சாதனத்தைப் போட்டால் உள்ளிருக்கும் காற்றே திரும்பத் திரும்பச் சுழலும். பயணி அரை மணி நேரத்தில் இறங்கிவிடுவார். ஓட்டுநரோ பத்துப் பன்னிரண்டு மணி நேரம் அங்கேயே இருப்பவர். 1875-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு நோயாளி யாரென்று தெரிந்திருந்தது. இந்த நோயிலோ அறிகுறி ஏதுமற்றவரும் பரப்பினர். ஏறுகின்றவருக்கே தம் நிலை தெரியாதபோது ஓட்டுநருக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு பயணியும் ஐயத்திற்குரியவர். ஒவ்வொரு நாளும் அந்த ‘ஐந்தாறு நாட்களில்’ ஒன்று.

நகரங்கள் தந்த விடைகள்

ஓட்டுநரின் கேள்விக்கு நகரங்கள் வெவ்வேறு விடைகள் தந்தன. சீனத்தின் வூகான் நகரம் 2020 ஜனவரி 23-இல் அடைக்கப்பட்டது. அடுத்த சில நாட்களிலேயே ஆறாயிரம் டாக்சிகளை நகர நிர்வாகம் குடியிருப்புப் பகுதிகளுக்குப் பங்கிட்டது. பகுதி ஒன்றுக்கு மூன்று முதல் ஐந்து வண்டிகள்; வெளியே போக இயலாத மக்களுக்குக் கட்டணமின்றி உதவுவது அவற்றின் பணி. அங்கே டாக்சி பொதுப்பணியின் உறுப்பாயிற்று.

நம்மவர் பலர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் சிங்கப்பூர், ஊரடங்குக்கு இரண்டு மாதங்கள் முன்னதாகவே, பிப்ரவரி 13-இல், 7 கோடியே 70 இலட்சம் வெள்ளி மதிப்புள்ள உதவித் திட்டத்தை அறிவித்தது. வண்டி ஒன்றுக்கு நாளொன்றுக்கு இருபது வெள்ளி வரை, மூன்று மாதங்களுக்கு. இந்தச் செலவை அரசும் டாக்சி நிறுவனங்களும் பகிர்ந்துகொண்டன. இருபது வெள்ளியில் ஒரு குடும்பம் வாழ்ந்துவிட முடியாது. ஆயினும் ஓடாத நாளுக்கும் ஒரு விலை உண்டென்பதை அத்திட்டம் ஒப்புக்கொண்டது.

பிரிட்டனில் மார்ச் 23-இல் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. டாக்சிகளுக்குத் தடையில்லை. விரும்பினால் ஓட்டலாம், விரும்பாவிட்டால் நிறுத்தலாம் என்ற நிலை. சுயதொழில் செய்வோருக்குச் சராசரி இலாபத்தில் எண்பது விழுக்காடு, மாதம் 2,500 பவுன் வரை தரப்படும் என்று நிதியமைச்சர் மார்ச் 26-இல் அறிவித்தார். தாராளமான திட்டமே. ஆனால் விண்ணப்பங்கள் பெறப்பட்டதோ மே 13 முதல்! ஊரடங்கு தொடங்கி ஐம்பத்தொரு நாட்கள். புதிதாகத் தொழிலுக்கு வந்து, முந்தைய ஆண்டின் வருமான வரிக் கணக்கு இல்லாதவர்களுக்கு அதுவும் இல்லை. அந்த ஐம்பத்தொரு நாட்களும் வாடகையும் கார்த் தவணையும் காத்திருக்கவில்லை. சேமிப்பு உள்ளவர் வண்டியை நிறுத்தினார். இல்லாதவர் சாவியை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். இதனை விருப்பம் என்று எப்படிச் சொல்வது?

விளைவை அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகமே மே 11-இல் வெளியிட்டது. இங்கிலாந்திலும் வேல்சிலும் உழைக்கும் வயதுடைய ஆண்களில் இலட்சத்துக்கு 9.9 பேர் கொரோனாவால் இறந்திருந்தனர். டாக்சி மற்றும் கார் ஓட்டுநர்களில் அந்த வீதம் 36.4. உதவிக்கான விண்ணப்பம் திறக்கப்படுவதற்கு இரண்டு நாட்கள் முன்பே இறந்தோர் கணக்கு வந்துவிட்டது! அவ்வாண்டு முடிவதற்குள் இவ்வோட்டுநர்களில் 209 ஆண்கள் மாண்டனர், இலட்சத்துக்கு 101.4 பேர். ஆண்கள் அனைவருக்குமான வீதம் 31.4. தொழில் ஒன்றே காரணம் என்று இக்கணக்கு மெய்ப்பிக்கவில்லை என அவ்வலுவலகம் எச்சரித்ததையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வாழும் பகுதி, வீட்டின் நெருக்கடி, முன்பே உள்ள நோய்கள் ஆகியவற்றுக்கும் பங்குண்டு. பாகிஸ்தான், வங்கதேச வழிவந்த முஸ்லிம்கள் பெருமளவில் ஈடுபட்டுள்ள தொழில் இது. தாத்தா பாட்டி முதல் பேரப்பிள்ளைகள் வரை ஒரே கூரையின் கீழ் வாழும் குடும்பங்கள் அவர்களுள் பல. அவ்வாறான வீட்டில் இரவு திரும்பும் தந்தை கதவைத் தட்டும்போது, காசோடு வேறெது உள்ளே நுழைகிறது என்ற அச்சமும் உடன் நுழைந்தது.

இன்னொன்றும் உண்டு. இங்கிலாந்தில் பேருந்து, இரயில் பயணிகளுக்கு முகக்கவசம் ஜூன் 15 முதல் கட்டாயமாயிற்று. டாக்சிப் பயணிகளுக்குச் செப்டம்பர் 23-இல்தான் கட்டாயமாயிற்று. இடைப்பட்ட மூன்று மாதங்களில் பயணியின் பண்பாடே ஓட்டுநருக்குக் காப்பு.

கடன் ஓட்டிய வண்டிகள்

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் மஞ்சள் டாக்சி ஓட்டுவதற்கு நகராட்சியின் உரிம வில்லை வேண்டும். 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தால் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டதால் அவ்வில்லை சந்தைப் பொருளாயிற்று. 2014-இல் அதன் விலை பத்து இலட்சம் டாலரைத் தாண்டிற்று. கைப்பேசி வழி அழைக்கும் கார்கள் பெருகிய பின் சில ஆண்டுகளில் இரண்டு இலட்சத்துக்கும் கீழே சரிந்தது. விலை சரிந்தது, கடன் சரியவில்லை. வங்கதேசத்தில் பிறந்தவர்களே மிகுதியாக உள்ள அவ்வோட்டுநர் கூட்டம், கடன் கழுத்தளவு நின்ற நிலையில் பெருந்தொற்றை எதிர்கொண்டது.

2020 பிப்ரவரியில் மஞ்சள் டாக்சிகள் ஏறத்தாழ 63 இலட்சம் பயணங்கள் சென்றன. மார்ச்சில் 30 இலட்சம். ஏப்ரலில் 2 இலட்சத்து 38 ஆயிரம். நூறு பயணிகள் நின்ற இடத்தில் நால்வர்! அந்த நால்வருக்காக நோயைத் துணிந்து வண்டி எடுத்தவர்களும் இருந்தனர். சுயதொழில் செய்வோருக்கும் வேலையின்மை உதவி வழங்கும் சட்டம் மார்ச் 27-இல் நிறைவேறியது. எனினும், செயலி நிறுவனங்களின் ஓட்டுநர்களுக்கு அவ்வுதவி தாமதமாவதாகத் தொழிலாளர் சங்கம் வழக்குத் தொடுக்க வேண்டியதாயிற்று. விரைந்து வழங்குமாறு கூட்டாட்சி நீதிமன்றம் மாநில அரசுக்கு ஜூலை 28-இல் ஆணையிட்டது. கடன் சிக்கலோ 2021 இலையுதிர் காலம் வரை நீண்டது. ஓட்டுநர்கள் நகர மன்றத்தின் வெளியே பதினைந்து நாட்கள் உண்ணாநோன்பு இருந்தனர். அப்போது மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவரும் 2025-இல் அந்நகரின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவருமான ஸோஹ்ரான் மம்தானி அவர்களோடு சேர்ந்து நோன்பிருந்தார். நவம்பர் 3-இல் உடன்பாடு ஏற்பட்டது: கடனுக்கு 1,70,000 டாலர் என்ற உச்சவரம்பு, மாதத் தவணை 1,122 டாலருக்கு மேற்படலாகாது, கடனுக்கு நகராட்சி பிணை. பெருந்தொற்று தொடங்கும் முன்பே செய்திருக்கக்கூடிய காரியம்!

2021 செப்டம்பரில் பாங்காக் நகரில் எடுக்கப்பட்ட படங்களை வாசகர் சிலர் கண்டிருக்கலாம். பயணியின்றி வரிசை வரிசையாக நின்ற டாக்சிகளின் கூரைமேல் மண் பரப்பி, கூட்டுறவு நிறுவன ஊழியர்கள் தக்காளியும் வெள்ளரியும் பயிரிட்டிருந்தனர். நாள்வாடகையைக் குறைத்தும் ஓட்டுநர்கள் வண்டிகளை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பியிருந்தனர். ஓடாத வண்டி ஒரு கூடை காய்கறியையாவது தரட்டும் என்று எண்ணினர் போலும்.

இவற்றையெல்லாம் ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். ஓட்டுநரின் துணிவோ கோழைத்தனமோ அவர் வண்டி எடுப்பதைத் தீர்மானிக்கவில்லை. கையிருப்பு எத்தனை நாளைக்கு, தவணை எந்தத் தேதியில், உதவி எப்போது வரும் என்ற மூன்று கணக்குகளே தீர்மானித்தன. பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 19-இல், ஊபர் நிறுவன ஓட்டுநர்கள் சட்டத்தின் பார்வையில் தொழிலாளர்களே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ‘அவர் தமக்குத் தாமே முதலாளி, ஓட்டுவதும் நிறுத்துவதும் அவர் பாடு’ என்ற வாதத்தின் வலிமை அன்று குறைந்தது.

அடுத்த கொள்ளைநோய் என்று வரும் என்பதை இறைவனே அறிவான். வரும்போது முகக்கவசமும் மருந்தும் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்கிறோம், நன்று. நிறுத்தச் சொன்ன அன்றே ஓட்டுநரின் தவணையும் நிற்க வேண்டும். ஐம்பத்தொரு நாட்கள் கழித்தன்று, அந்த வாரமே ஓடாத நாளின் கூலி அவர் கைக்குச் சேர வேண்டும். ஓட வேண்டியவர்க்குத் திறந்த சன்னலும் முகம் மூடிய பயணியும் உரிமையாக வேண்டும். 1875-இல் ஒரு சட்டப் பிரிவின் கடைசி வரியில் எழுதப்பட்ட நியாயம் இதுவே. அதனைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நினைவில் வைத்திருந்தால் போதும்.