சிம்நெட்டும் 73 ஈஸ்டிங் சமரின் மறுவாக்கமும்

சிம்நெட் என்பது பல பாவனைக் கருவிகளை ஒரே கணினி வலையமைப்பில் இணைத்து, படையணிகளுக்குக் கூட்டாகப் பயிற்சி தருவதற்காக அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட அமைப்பு ஆகும். அந்நாட்டின் பாதுகாப்பு ஆய்வு முகமையான டார்பா 1983 இல் இப்பணியைத் தொடங்கியது. வான்படை அதிகாரியான ஜாக் தோர்ப் இதற்குத் தலைமை வகித்தார்.

அதுவரை இருந்த பாவனைக் கருவிகள் ஒருவருக்கு ஓர் இயந்திரத்தை இயக்கக் கற்றுத் தந்தன. பக்கத்து டாங்கியோடு சேர்ந்து போரிட அவை கற்றுத் தரவில்லை. விலையோ மிக அதிகம். தோர்ப்பின் குழு வேறு வழியில் சென்றது. கூட்டுப் பயிற்சிக்குத் தேவையானவை மட்டும் உண்மைபோல் இருந்தால் போதும் என்று முடிவு செய்தது. நால்வர் அமரும் கண்ணாடியிழைக் கூட்டினுள் பல பொத்தான்கள் வெறும் படங்களாகவே இருந்தன. திரையில் தெரிந்த நிலக்காட்சி இன்றைய கைப்பேசி விளையாட்டைவிட மோசமானது. ஆயினும் தளபதி, சுடுநர், குண்டு ஏற்றுநர், ஓட்டுநர் ஆகிய நால்வரும் வானொலியில் கத்திக்கொண்டு உண்மையாகவே வியர்த்தார்கள் என்றால் நம்பலாம். எதிரே வந்த டாங்கியிலும் மனிதர்களே இருந்தார்கள்.

அன்றைய வலையமைப்பின் வேகம் குறைவு. எனவே ஒவ்வொரு டாங்கியும் தன் இருப்பிடத்தை நொடிதோறும் பலமுறை அறிவிக்க இயலாது. இதற்குக் கண்ட தீர்வு மாலுமிகளின் பழைய உத்தியை ஒத்தது. கரை தெரியாத கடலில் திசை, வேகம், சென்ற நேரம் ஆகியவற்றைக்கொண்டு கப்பல் நிற்குமிடத்தை அவர்கள் கணிப்பார்கள். அதுபோல ஒவ்வொரு கணினியும் மற்ற வண்டிகள் எங்கிருக்கும் என்று தானே கணித்துக்கொண்டது. உண்மை நிலை அக்கணிப்பிலிருந்து குறிப்பிட்ட அளவுக்கு விலகினால் மட்டுமே புதிய செய்தி அனுப்பப்பட்டது. இம்முறை பின்னர் 1993 இல் வெளியான ஐ.இ.இ.இ. 1278 தரநிலையிலும் இடம்பெற்றது.

1991 பெப்ரவரி 26 அன்று ஈராக் பாலைவனத்தில் அமெரிக்காவின் 2 ஆம் கவசக் குதிரைப்படை ரெஜிமென்ட், ஈராக்கியக் குடியரசுக் காவல்படையின் தவகல்னா டிவிசனுடன் மோதியது. மலையோ ஊரோ இல்லாத அவ்விடத்தில், வரைபடத்தின் வடக்குத்தெற்குக் கோடு ஒன்றின் எண்ணே சமரின் பெயராயிற்று. மணற்புயலினூடே வெப்பப்பட நோக்கிகளைக்கொண்டு சுட்ட அமெரிக்கர்கள் மிகக் குறைந்த இழப்புடன் வென்றனர்.

போர் ஓய்ந்ததும் பாதுகாப்புப் பகுப்பாய்வு நிறுவனத்தின் குழுவொன்று இச்சமரை வண்டி வண்டியாக மறுவாக்கம் செய்தது. வீரர்களின் நேர்காணல்கள், வானொலி ஒலிப்பதிவுகள், மணலில் பதிந்திருந்த தடங்கள் ஆகியவை தரவுகளாயின. பார்வையாளர் பறக்கும் கம்பளத்தில் செல்வதுபோல் சமர்க்களத்தின் எந்த மூலைக்கும், எந்த நிமிடத்துக்கும் போக முடிந்தது. வரலாற்றாசிரியர் எவருக்கும் முன்பு வாய்க்காத வசதி இது.

பயிற்சிக்காகச் செய்த இக்கருவி, சங்கடமான கேள்வி ஒன்றையும் எழுப்பியது: வெற்றிக்குத் தொழில்நுட்பம் மட்டுமே காரணமா? ஆய்வாளர் ஸ்டீபன் பிடில் இச்சமரைக் கணினியில் மாற்றி மாற்றி ஓடவிட்டார். ஈராக்கியர் தம் டாங்கிகளைத் தரைக்குள் ஒழுங்காகப் புதைத்து நிறுத்தாமல், முன்னால் மணலைக் குவித்து வைத்திருந்தனர். அக்குவியல் குண்டைத் தடுக்கவில்லை. அவர்கள் இருக்குமிடத்தைத்தான் காட்டிக்கொடுத்தது. இத்தகைய பிழைகளைத் திருத்தி ஓடவிட்டபோது, அதே அமெரிக்க டாங்கிகள் பெரும் இழப்பைச் சந்தித்தன. வெப்பப்பட நோக்கிகளை நீக்கிப் பார்த்தபோதும் இழப்பு கூடியது. மேம்பட்ட ஆயுதமும் எதிரியின் திறனின்மையும் சேர்ந்தே அவ்வெற்றியைத் தந்தன என்று 1996 இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் வாதிட்டார்.