மடியில் உட்காரும் எலி வேட்டைக்காரன்: யார்க்‌ஷயர் டெரியரின் கதை

போன மாசம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் இருக்கும் சித்தி மகள் போன் செய்தாள். அவர்கள் வீட்டில் ஒரு வருஷமாக ஒரு யார்க்‌ஷயர் டெரியர் வளர்கிறது. மூன்று கிலோ இருந்தால் அதிகம். அவளுடைய ஏழு வயது மகள் அதன் தலைமுடியில் ரிப்பன் கட்டி, பொம்மை மாதிரி தூக்கிக்கொண்டு திரிவாள். அன்றைக்குக் காலையில் அந்தப் பொம்மை தோட்டத்து மூலையில் ஒரு எலியைக் கவ்வி, ரெண்டு உதறு உதறிக் கொன்றுவிட்டது. குழந்தை ஒரே அழுகை. "அண்ணா, இதுக்கு என்னமோ ஆயிடுச்சு. யாருக்காவது கொடுத்துடலாமான்னு யோசிக்கிறோம்" என்றாள்.

"அதுக்கு ஒண்ணும் ஆகலைம்மா. நீ இருக்கிற பக்கத்துலதான் இந்த வேலைக்காகவே அதை உருவாக்கினாங்க" என்றேன். அவளிடம் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதி வைக்கிறேன். நாய் வாங்க நினைக்கும் வேறு யாருக்காவது உதவலாம்.

டெரியர் என்ற பெயரே மண்ணிலிருந்து வந்தது. லத்தீனில் டெர்ரா என்றால் பூமி. வளைக்குள் புகுந்து எலி, நரி போன்றவற்றைத் துரத்தும் நாய்களுக்கு அந்தப் பெயர். யார்க்‌ஷயர் டெரியரின் முன்னோர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கிருந்து ஏராளமான நெசவாளர்கள் பிழைப்பு தேடித் தெற்கே யார்க்‌ஷயர், லங்காஷயர் ஆலைகளுக்கு வந்தார்கள். அவர்களோடு அவர்களுடைய சின்ன நாய்களும் வந்தன. அதில் ஒரு வகைக்குப் பேரு பெய்ஸ்லி டெரியர். பெய்ஸ்லி என்பது நெசவுக்குப் பேர்போன ஒரு ஸ்காட்லாந்து ஊர். நம் புடவையில் மாங்காய் டிசைன் என்று சொல்கிறோமே, அதை ஆங்கிலேயர் பெய்ஸ்லி என்று அழைப்பது இந்த ஊரை வைத்துத்தான். காஷ்மீர் சால்வையைப் பார்த்து அந்த ஊர்த் தறிகளில் நெய்ததால் வந்த பெயர்.

ஆலை இருக்கும் இடத்தில் எலி இருக்கும். தொழிலாளி வீட்டில் பெரிய நாய்க்குச் சோறும் போட முடியாது, இடமும் கிடையாது. எனவே சின்னதாக, கொஞ்சமாகத் தின்கிற, எலிக்குப் பயப்படாத நாய் வேண்டியிருந்தது. இன்னொரு காரணமும் உண்டு. 1835இல் வந்த ஒரு சட்டம் காளை மீதும் கரடி மீதும் நாய்களை ஏவிவிடும் பந்தயங்களைத் தடை செய்தது. எலிகளை அந்தச் சட்டம் யாருக்கும் ஞாபகப்படுத்தவில்லை. மதுக்கடைகளில் ஒரு குழிக்குள் எலிகளை விட்டு, எந்த நாய் எத்தனை நிமிஷத்தில் எத்தனை கொல்கிறது என்று பணம் கட்டினார்கள். சின்ன டெரியர்களுக்கு அங்கே நல்ல மவுசு.

இந்த இனத்தின் தகப்பன் என்று எல்லாரும் சொல்வது ஹடர்ஸ்ஃபீல்ட் பென் என்ற நாயை. 1865இல் பிறந்தது. பிராட்ஃபோர்டைச் சேர்ந்த மேரி ஆன் ஃபாஸ்டர் என்ற பெண்மணி வளர்த்தார். நாய்க் கண்காட்சியிலும் பரிசு வாங்கியது, எலி பிடிப்பதிலும் பேர் வாங்கியது. 1871இல், ஆறே வயதில், வண்டியில் அடிபட்டுச் செத்துப்போனது. பென் அவ்வளவு சின்ன நாய் இல்லை. ஆனால் அதற்குப் பிறந்த குட்டிகள் சிறுத்தும், பட்டுப் போன்ற முடியோடும் இருந்தன. எல்லாரும் பென் வம்சத்தைத்தான் தேடினார்கள்.

பெயர் மாறியதும் அந்தச் சமயத்தில்தான். அதுவரை ஸ்காட்ச் டெரியர் என்றே அழைத்தார்கள். 1870 வாக்கில், மெருகேற்றியது யார்க்‌ஷயர்க்காரர்கள் என்பதால் அந்தப் பெயரே இருக்கட்டும் என்று ஒரு பத்திரிகையாளர் எழுதினார், அது நிலைத்துவிட்டது. 1873இல் தொடங்கிய கென்னல் கிளப், அடுத்த வருஷம் வெளியிட்ட தன் முதல் பதிவேட்டில் இரண்டு பெயரையும் சேர்த்தே போட்டது.

அதன் பிறகு கதை மாறுகிறது. நெசவாளி வீட்டு நாய் பணக்காரச் சீமாட்டிகளின் மடிக்குப் போனது. கண்காட்சிக்காக முடியைத் தரை வரை வளர்த்து, காகிதத்தில் சுற்றி வைத்தார்கள். சொறிந்தால் முடி அறுந்துவிடும் என்று காலுக்கு உறை கூட மாட்டினார்கள். எடையையும் குறைத்துக்கொண்டே போய், இன்றைக்கு பிரிட்டிஷ் அளவுகோல்படி 3.2 கிலோதான் உச்சவரம்பு. உடம்பு சுருங்கியது. ஆனால் உள்ளே இருக்கும் டெரியர் சுருங்கவில்லை.

இரண்டாம் உலகப்போரில் இதற்கு ஒரு நல்ல சாட்சி கிடைத்தது. 1944இல் நியூ கினி காட்டில் ஒரு பதுங்குகுழியில் ஒரு யார்க்‌ஷயர் டெரியர் அகப்பட்டது. பில் வின் என்ற அமெரிக்கச் சிப்பாய் அதை இரண்டு ஆஸ்திரேலிய பவுண்டுக்கு வாங்கி ஸ்மோக்கி என்று பெயர் வைத்தார். எடை இரண்டு கிலோவுக்கும் கீழே. பிலிப்பைன்ஸில் ஒரு விமானத் தளத்தின் அடியில், 8 அங்குல அகலமும் 70 அடி நீளமும் உள்ள குழாய் வழியாகத் தகவல் கம்பியை இழுக்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் தளத்தையே தோண்ட வேண்டும். கம்பியைக் கழுத்துப்பட்டையில் கட்டிவிட்டு, மறுமுனையிலிருந்து வின் கூப்பிட, ஸ்மோக்கி இருட்டுக்குள் புகுந்து வெளியே வந்தது. வளைக்குள் போவதற்கென்று பிறந்த இனம்தானே.

தங்கைக்கு நான் சொன்னது இவ்வளவுதான். எலியைப் பிடிச்சது கோளாறு இல்லை, குணம். வீட்டில் வெள்ளெலி வளர்க்க நினைத்தால் இதோடு சேர்த்து வைக்காதே. அழைப்புமணி அடித்தால் குரைக்கத்தான் செய்யும். முடி மனுஷ முடி மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும், நீளமாக விட்டால் தினமும் சீவ வேண்டும். இந்த இனத்துக்கு மூச்சுக்குழாய் பலவீனமாக இருப்பது சகஜம், கழுத்தில் பட்டை போட்டு இழுக்காமல் மார்பில் மாட்டும் வாரைப் பயன்படுத்து. பல்லும் சீக்கிரம் கெடும், தேய்த்துவிடு. முக்கியமா, குழந்தை தூக்கிக்கொண்டு ஓடாமல் பார்த்துக்கோ. அத்தனை சின்ன எலும்பு, கீழே விழுந்தால் தாங்காது.

நாயை யாருக்கும் கொடுக்கவில்லை. மகள் இப்போது ரிப்பன் கட்டுவதில்லையாம். அட்டைப்பெட்டிகளை வரிசையாக ஒட்டிச் சுரங்கம் செய்து, உள்ளே பந்தை உருட்டிவிட்டு, மறுமுனையில் உட்கார்ந்து கூப்பிடுகிறாளாம்.